ஆரூரில் தேர் திரும்பும் முனை

திருவாரூர் ஆழித்தேரோட்டம் பார்க்க வருகிறவர்கள் கீழவீதியில் வடம் பிடிக்கும் நேரத்துக்கே முண்டியடிப்பார்கள். என்னைக் கேட்டால், தெற்குவீதி திரும்பும் முனையில் இடம் பிடித்து நில்லுங்கள் என்பேன். ஆழித்தேரின் பெருமை அது ஓடுவதில் இல்லை, திரும்புவதில் இருக்கிறது.

மூங்கில் கட்டி, சீலை போர்த்தி, கலசம் வைத்தால் 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். அவ்வளவு பெரிய கோபுரம் வீதி முனையில் வந்து நிற்கும்போது கூட்டத்தின் சத்தமே அடங்கிவிடுகிறது. சக்கரத்தடியில் இரும்புத் தகடு போட்டு கிரீஸ் தடவுகிறார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் குனிந்து நிற்பார். கண் சக்கரத்தில், காது விசிலில். கட்டையைச் செருகிக் கையை இழுத்த அடுத்த நொடி, மரம் நசுங்கும் சத்தம். நசுங்கிய கட்டையிலிருந்து கருகல் வாசனை வரும். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. இந்த ஊரிலோ தேருக்கு வழிகாட்டுவதே அதுதான். இப்போது திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது, பின்னாலிருந்து தள்ள புல்டோசர் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கையும் கட்டையும் இல்லாமல் தேர் நகராது. "ஆரூரா! தியாகேசா!" என்று வடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் குரல் கொடுக்க, கலசம் லேசாக ஆடி, மெல்ல மெல்லத் தெற்கு வீதிக்கு முகம் காட்டும்.

பழைய தேர் 1927இல் தீயில் போயிற்று. புதிதாகச் செய்த தேரும் 1948க்குப் பிறகு பல ஆண்டுகள் ஓடாமல் நிலையிலேயே நின்றது. 1970இல்தான் மறுபடி வடம் பிடித்தார்கள். தேர் ஓடாத ஆரூரைக் கண்ட பெரியவர்கள் அதைச் சொல்லும் விதமே தனி. வீட்டில் விளக்கேற்றாத நாள்களைச் சொல்வதுபோல் இருக்கும்.

இங்கே தேர் மட்டும் பெரிதில்லை. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பது ஊர்க்கணக்கு. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கு மேல். அந்தக் கமலாலயக் குளக்கரையில் மாலையில் உட்கார்ந்தால் எதிர்க்கரை ஆட்கள் புள்ளியாகத் தெரிவார்கள். தெப்பத்தன்று பீப்பாய்களைப் பிணைத்துக் கட்டிய மிதவையில் சுவாமி வர, அதன் மேலேயே கச்சேரி நடக்கும். சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊரல்லவா!

இத்தனை பெரிய தேரில் வருகிற இறைவன் தியாகேசரோ, முகம் தவிர மேனியெல்லாம் மூடியபடியே இருப்பவர். மார்கழித் திருவாதிரைக்கு ஒரு பாதம், பங்குனி உத்திரத்துக்கு ஒரு பாதம் என்றுதான் தரிசனம் தருவார். அந்த ஒரு பாதத்துக்காக விடியுமுன்னே வரிசையில் நிற்கிறார்கள். பங்குனி ஆயில்யத்தில் தேர் ஓடிய ஆண்டுகளில், நிலைக்கு வந்த தேரில் சீலைகளை இன்னும் முழுக்க அவிழ்த்திருக்க மாட்டார்கள். வரிசைக்குப் போகிறவர்களின் காலில் வீதியெங்கும் முட்டுக்கட்டைச் சிம்பு குத்தும்.