ஒரு வேளைச் சோறும் ஓராண்டுப் பராமரிப்பும்

இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் இந்நாட்டின் இரு பெருமைகள் எனப் பாடசாலைக் காலந்தொட்டே கட்டுரைகளில் எழுதி வந்தவன் நான். அவ்விரண்டாலும் பயன் பெற்றவனும் நான். ஆயினும் அந்த இலவச வைத்தியம் எந்த வாசலோடு நின்றுவிடுகின்றது என்பதை அம்மம்மாவின் கட்டிலருகேதான் கற்றுக்கொண்டேன்.

முதலாம் வருடப் பரீட்சை முடிந்து யாழ்ப்பாணம் சென்றிருந்த வேளை, எண்பத்திரண்டு வயதான அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அரசாங்க வைத்தியசாலை அவரை ஏற்றது, சத்திரசிகிச்சை செய்தது, மருந்து தந்தது, ஒரு சதமேனும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம், "இனி வீட்டிலை வைச்சுப் பாருங்கோ" என்று அனுப்பிவைத்தார்கள். அதில் அவர்களைக் குறை கூற இடமில்லை. குணமாகக் கூடியவர்களுக்கே அங்கே கட்டில் போதவில்லை.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்பது நான்கு சொற்களில் முடிகின்ற காரியமன்று. படுக்கையிற் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும். தவறினால் படுக்கைப்புண் தோன்றும். இரவுக்கும் அதே கணக்குத்தான். ஆசிரியையான அம்மா சம்பளமற்ற விடுமுறை எடுத்தார். நான்காம் மாதம் அவருக்கே நாரிப்பிடிப்பு வந்து விழுந்த பின்னர்தான் முதியோர் இல்லமொன்றை நாடினோம். "பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டிட்டினம்" என்ற ஊர்ப்பேச்சைக் கேட்டு அம்மா அழுத இரவுகளை நானறிவேன். கனடாவிலுள்ள மாமா மாதந்தோறும் பணம் அனுப்பியமையாலேயே அந்த இடமும் கிடைத்தது.

அவ்வில்லத்தின் கூடத்தில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்கியது. ஒவ்வொரு தேதியின் கீழும் ஒரு பெயர்: திவசம், பிறந்தநாள், திருமண நிறைவு நாள் என மதிய உணவுக்குப் பணம் கட்டியோரின் பெயர்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்போர் ஊர் முதியவர்களுக்கு ஒரு வேளைச் சோறு கொடுத்துத் தம் இறந்தோரை நினைக்கின்றனர். அழகிய வழக்கம்தான்; அதை நான் இகழவில்லை. ஆனால், இல்லத்தின் பொருளாளர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, இங்கை சோத்துக்குப் பஞ்சமில்லை. இரவிலை ஆக்களைப் புரட்டிவிட ஆள்தான் இல்லை."

அவர் சொன்னதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு 168 மணித்தியாலங்கள். ஒருவர் 45 மணித்தியாலம் வேலை செய்வாராயின், எந்நேரமும் ஒருவர் கடமையில் நிற்பதற்கு ஏறத்தாழ நால்வர் வேண்டும். அந்நால்வரின் சம்பளம், அணையாடை, புண்ணுக்குக் கட்டும் துணி ஆகியவற்றுக்கு எவர் தம் தந்தையின் திவசத்தைக் குறித்துவைப்பார்? கொடைக்கு நாள் பார்ப்பதுண்டு. நோய் நாள் பார்ப்பதில்லை.

அம்மம்மாவின் அடுத்த கட்டிலில் ஓர் ஆச்சி இருந்தார். பிள்ளைகளுமில்லை, கடல் கடந்த உறவுமில்லை. ஆளுக்கு இவ்வளவென அரசு தரும் சிறு கொடுப்பனவே அவருடைய பங்கு. இருவரையும் ஒரே கைகளே கழுவின, ஒரே கைகளே ஊட்டின. ஆனால், ஆச்சியின் செலவில் ஒரு பகுதியை மாமாவின் பணமே தாங்கியதென்பதை நான் பிறகே அறிந்தேன். அவ்வருடம் நிர்வாகம் ஒரு தீர்மானம் எடுத்தது: எழுந்து நடமாட முடியாதோரை இனிச் சேர்ப்பதில்லை. நான் கொதித்தேன். வரவுசெலவுப் புத்தகத்தைப் பார்த்த பின் கோபம் தணிந்தது, கவலை கூடியது. பராமரிப்பு யாருக்கு மிகவும் வேண்டுமோ அவர்களே வாசலுக்கு வெளியே நிற்கின்றனர்.

1981 இல் இலங்கையின் சனத்தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் 6.6 வீதமாயிருந்தனர், 2012 குடிசன மதிப்பீட்டில் அது 12.4 வீதமாயிற்று. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது வைத்தது. ஆதரவற்றோர்க்கு உறைவிடம் அளிப்பதை அரசின் பொறுப்பாக்கியது. உறைவிடம் வேறு, தாதிப் பராமரிப்பு வேறு. கூரை ஒருமுறை போட்டால் நிற்கும். பராமரிப்பை நாள்தோறும் புதிதாகச் செய்தல் வேண்டும்.

பிற நாடுகள் இதனைச் சிந்தித்துள்ளன. யப்பான் 2000 ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியை நடைமுறைப்படுத்தியது. அதன் நிதியில் ஏறத்தாழப் பாதி வரிப்பணம், மீதி நாற்பது வயதைக் கடந்தோர் செலுத்தும் கட்டணம். அமெரிக்காவில் 1965 இல் தோன்றிய மெடிக்கெயிட் திட்டமே தாதிப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரிற் பெரும்பாலோருக்குச் செலவழிக்கின்றது. எனினும், அரசு தரும் வீதம் உண்மைச் செலவிலும் குறைந்தால் இல்லங்கள் ஏழைகளைத் தவிர்த்துப் பணம் கட்டுவோரையே நாடும் என்பதும் அங்கு கண்ட பாடம். ஆகவே பணம் கொடுத்தாற் போதாது. பராமரிப்பின் மெய்யான செலவை அளந்து கொடுத்தல் வேண்டும்.

அரசு பொறுப்பேற்றால் பிள்ளைகள் பெற்றோரை மறப்பர் என்பார் உளர். எங்கள் வீட்டு அனுபவம் வேறு. களைப்புத் தீர்ந்த பிறகுதான் அம்மாவால் தம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகப் பேச முடிந்தது. 2022 இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது நின்ற நாட்டுக்கு இது இயலுமா என்பர் வேறு சிலர். போக இடமின்றிச் சத்திரசிகிச்சை விடுதியில் மாதக்கணக்காகக் கிடக்கும் முதியவரின் கட்டிலும் திறைசேரியின் செலவுதான். அது மலிவான கட்டிலுமன்று.

சென்ற வருடம் அம்மம்மா காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு இல்லத்தில் ஒரு மதிய உணவு கொடுப்போம் என்றார் மாமா. "சாப்பாடு வேண்டாம். இரவு வேலைக்கு நிக்கிற பிள்ளையின்ரை ஒரு மாதச் சம்பளத்தைக் குடுப்பம்" என்றார் அம்மா. பணத்தைக் கொண்டுசென்றவன் நானே. பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு என்று அச்சிட்டிருந்தது. சம்பளத்துக்கு இடமில்லை. பொருளாளர் சற்று யோசித்து, 'இதர' என்ற கோட்டின்மேல் தொகையை எழுதித் தந்தார்.

அச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கின்றது. ஆச்சியும் அதே கட்டிலில் இருக்கின்றார். வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கப் போகும் பொருளியல் மாணவரும், நிர்வாக சேவைக்குச் செல்ல இருக்கும் நண்பரும் இவ்விதழை வாசிப்பர். அவருடைய இரவுகள் 'இதர'வில் அடங்குபவையல்ல என்பதை அவர்களிடம் சொல்லிவைக்கவே இதனை எழுதினேன்.