கல் நாட்ட இடமில்லை

கார்த்திகை பிறந்தது. மலேசியாவின் பண்டமாரானில் மழை விட்டபாடில்லை. துறைமுகம் நோக்கி விரையும் கண்டெய்னர் லாரிகள் தெருநீரை வாரி இறைத்துப் போகின்றன. பறம்பு மலையை நோக்கி நின்று பாரிக்கு அழக் கபிலருக்கு வாய்த்தது. எனக்கோ நோக்கி நிற்க ஒரு மேடும் இல்லை. கடலோரத் தட்டை நிலம் இது. இங்கிருந்தே, கவிஞன் இன்குலாபே, உன்னை நினைந்து அழுகிறேன்.

உன்னை ஒருமுறையும் கண்டறியேன். கீழக்கரையில் 1944இல் சாகுல் அமீதாகப் பிறந்து, 1965இல் மொழிக்காகத் தெருவில் நின்று, சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்து, புரட்சி என்னும் பொருள் கொண்ட சொல்லையே பெயராகச் சூடியவன் நீ. நானோ கிள்ளான் பால்மரக் காட்டில் உளியும் வாளியுமாகத் தேய்ந்த குடியில் வந்தவன். உனக்கும் எனக்கும் உறவு யாது? சொல்கிறேன், கேள் பெரும.

எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். தோட்டத்து வழக்கம் அது. என் தாத்தன் அப்படி இறங்கி இறங்கி நடந்தவன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலையை நிறுத்தின. சீனருக்கு நிகரான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்டிர்மேல் கைவைப்போரைத் தடுக்கச் சொன்னார்கள். அவற்றினிடையே, இனிச் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். அந்த ஒரு கோரிக்கையை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு அடைக்கிறது. வயிறு ஒட்டிக் கிடந்த நாளிலும் முதுகை நிமிர்த்தக் கேட்ட மக்கள்! அவர்கள் பக்கம் நின்ற, 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அந்த மே மாதத்தில் சிறைபிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, சுட்டது, தொழிலாளர் மாண்டனர். அவர்களுக்காக மன்றில் நின்று பாடிய புலவன் ஒருவனையும் என் தாத்தன் எனக்குச் சொல்லவில்லை.

உன் மண்ணிலும், வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், ஒரே குடிசைக்குள் எரிந்தார்கள். அவர்கள் உறவினர் கேட்டது நெற்கூலி. அந்த நெருப்பு உன் தமிழுக்குள் புகுந்தது. பின் அணையவே இல்லை. 'மனுசங்கடா' என்று நீ எழுதினாய், கே. ஏ. குணசேகரன் அதை ஊர் ஊராகப் பாடிச் சென்றார். முதன்முதல் அதைக் கேட்டபோது, சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றவர்களுக்குக் காலம் பிந்தி வந்து சேர்ந்த பாட்டு இது என்றே கொண்டேன்.

ஒன்றை மறைக்கலாகாது. ஒருகாலத்தில் உன்மேல் சினந்தேன். சோழர் கடாரம் கொண்ட பெருமை பேசாத தமிழ் மேடை இந்நாட்டில் அரிது. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன். நீயோ தஞ்சைப் பெருங்கோயிலின் முன் நின்று, கட்டுவித்த மன்னனைப் பாடாமல், அவன் காலடியில் நசுங்கியவரைப் பாடினாய். அப்பாட்டின்மேல் சட்டமன்றம்வரை எழுந்த சினத்தில் என் பங்கும் சிறிது உண்டு. பின்னொரு நாள் தாத்தனைக் குளிப்பாட்டும்போது, பால்வாளி தூக்கிய கம்பு அவன் தோளில் பதித்த காய்ப்பு என் கைக்குத் தட்டுப்பட்டது. அன்றிரவு உன் நூலை மறுபடி எடுத்தேன்.

அதியமானுக்கு அழுத ஔவையின் கிழவிக் கோலத்தைக் களைந்து, உவகை பொங்கத் திரியும் விறலியாக மேடையேற்றியவன் நீ. உனக்கு அழ அந்த ஔவையன்றோ வரவேண்டும்! ஈழத்தில் நம்மவர் மடிந்தபோது கலைமாமணிப் பட்டத்தைத் திருப்பித் தந்தாய். ஊரெல்லாம் நடந்த கால்களில் ஒன்றை நோய் கொண்டுபோயிற்று. 2016இல், உன் பாட்டைப் பாடியவர் தையில் போனார். கார்த்திகையில், டிசம்பர் முதல் நாள், நீ போனாய். காந்தளுக்குக் கார்த்திகைப் பூ என்றும் பெயர். 'காந்தள் நாட்கள்' என்று நூலுக்குப் பெயரிட்ட நீ அம்மாதத்திலேயே போகவேண்டுமா? மறு ஆண்டு அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. உன் மனையோரும் மக்களும் வேண்டாம் என்றார்கள், உன்னை அறிந்தவர்கள்.

உன் உடலைச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மாணவர்க்குக் கொடுத்தார்கள். ஆசிரியனாகவே போனாய். ஆனால் கல் நாட்ட இடமில்லையே, பெரும! பால்மரம் போய்ச் செம்பனை நிற்கும் இந்தக் காட்டிலும் என் தாத்தன் கூட்டாளிகள் விழுந்த இடத்தை எனக்குக் காட்டுவார் இல்லை.

நடுகல்லுக்குப் பூச்சூட்டிக் கள் படைப்பது முன்னோர் முறை. கள்ளுக்கடையை மூடக் கேட்டு மாண்டவர் மண் இது. ஆகவே கள் படையேன். சுவரில் சாய்ந்து நிற்கிறது தாத்தனின் பழைய சைக்கிள். அதன் இருக்கையைத் துடைத்து, உன் நூலை அதன்மேல் வைத்து, அருகே ஒரு செம்பு தண்ணீர் வைத்தேன். வெளியே லாரிகள் ஓயவில்லை.