கூழும் கவலை மீனும்

கூழ் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தோம் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். எழுபதுகளில் விம்கோ நகரில் தினமும் இட்லி தின்றவன் பெரிய இடத்துப் பையன். மற்றவர்கள் மீசையாக ஒட்டியிருந்த கேழ்வரகைப் புறங்கையால் துடைத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவோம். இப்போது அதே கூழைத் தள்ளுவண்டி ஓரமாகக் காரை நிறுத்திவிட்டுக் குடிக்கிறார்கள். டாக்டர் சொன்னாராம், இதயத்துக்கு நல்லதாம்.

எங்கள் ஊரின் பெயரே ஒரு கம்பெனியின் பெயர்தான். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்று சுவீடன்காரர்கள் 1923இல் இந்தியாவில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், சுருங்கி விம்கோ ஆனது. திருவொற்றியூருக்கும் கத்திவாக்கத்துக்கும் நடுவே கும்மிடிப்பூண்டி வண்டி நிற்கும் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்தபோதும் பெயர் மாறவில்லை. ஒரு பக்கம் அசோக் லேலண்ட், இன்னொரு பக்கம் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். சங்கு ஊதினால் மணி பார்க்க வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்டினால் கடல். எங்கள் வீட்டு அடுப்புக்கு அந்தச் சங்கும் இந்தக் கடலும்தான் எஜமானர்கள்.

ஆயா கூழ் காய்ச்சுவது முதல் நாளே தொடங்கிவிடும். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார். மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, துடுப்புப் போட்டுக் கிண்டுவார். கை கடுக்கும் வேலை அது. யாரையும் கிட்டே விடமாட்டார், கட்டி தட்டிவிடும் என்று பயம். ராத்திரி மண்சட்டியில் கிடந்து ஆறியதை விடியற்காலையில் உருண்டையாக எடுத்து, மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவார். நைனா காலை ஷிப்டுக்கு ஒரு செம்பு குடித்துவிட்டு, தூக்குச்சட்டியில் இன்னொரு செம்பு எடுத்துக்கொண்டு சைக்கிள் ஏறுவார். மதியம் வரை அது தாங்கும்.

ஏன் தாங்கியது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் அது 3 கிராம்கூடத் தேறாது. நார்ச்சத்து உள்ள சாப்பாடு பசியைத் தள்ளிப்போடும், கெட்ட கொழுப்பையும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கேழ்வரகு சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது என்று நினைத்துச் செம்பு செம்பாகக் குடிக்கிறார்களே, அது சரியில்லை. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஆயாவின் கூழ் தனியாக வந்ததே இல்லை. பக்கத்தில் முருங்கைக்கீரை வதக்கல் இருக்கும், அல்லது கொத்தவரங்காய்ப் பொரியல் இருக்கும். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போதும் அண்டாவுக்குப் பக்கத்தில் முருங்கைக்கீரைச் சட்டி இருந்தே தீரும். முருங்கைக்குக் காசு கொடுத்ததாக நினைவில்லை. எதிர்வீட்டு மரத்தில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, “அக்கா, கீர எடுத்துக்கிறேன்” என்று குரல் கொடுத்தால் போதும்.

மீன்காரம்மா பத்து மணிக்கு வருவார். அலுமினியக் கூடையை இறக்கி வைத்து, “இன்னா ஆயா, கவல இன்னிக்கு துள்ளுது பாரு, எடுத்துக்கோ” என்பார். கேரளத்தில் மத்தி என்று கொண்டாடுகிறார்களே, அந்தச் சாதி மீன்தான் எங்கள் கரையில் கவலை. முள் அதிகம், வாடை அதிகம், விலை குறைவு. சம்பளத் தேதியில்தான் வஞ்சிரமோ வவ்வாலோ வரும். மற்ற நாளெல்லாம் கவலை, நெத்திலி, காரப்பொடி, எப்போதாவது கானாங்கெளுத்தி. எண்ணூர்க் கழிமுகத்து மடவை வந்தால் ஆயா முகமே மாறிவிடும். குழம்புக்குப் புளி, மிளகாய்த்தூள், ஒட்டு மாங்காய் இரண்டு துண்டு. இறக்கும்போது நல்லெண்ணெய் ஒரு கரண்டி, அவ்வளவுதான். எண்ணெய் விலை அப்படி இருந்தது. பொரிப்பதென்றால் வீட்டுக்கு மாப்பிள்ளை வரவேண்டும்.

இதயத்துக்கு நல்லது என்று இன்று மாத்திரையாக விற்கும் ஒமேகா 3 கொழுப்பு, வஞ்சிரத்தைவிட அந்த மலிவு மீன்களில்தான் பொதுவாகத் தாராளம். ஏழை வீட்டுச் சட்டியில் கொதித்ததைப் பணக்கார வீட்டில் குளிகையாக விழுங்குகிறார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டியை முதலில் கவிழ்த்தவர்கள் நாங்களே.

சம்பளம் ஏறியது, போனஸ் வந்தது. நியாயமான ஆசைகள்தான் எல்லாம். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு என்பது எங்கள் தெருவின் முதல் லட்சியம். கூழ்ச்சட்டி பரணுக்குப் போனது. பிறகு பனைமரம் போட்ட மஞ்சள் டால்டா டப்பா வந்தது. தீபாவளிக்கு மட்டும் வந்தது பிறகு மாதாமாதம் வந்தது. காலி டப்பாவில் துளசிச் செடி வைப்பார்கள். அந்த வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு ரத்தக் குழாய்க்கு எவ்வளவு கெடுதி என்று அப்போது யாருக்குத் தெரியும்? எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி அமலுக்கு வந்ததே 2022இல்தான். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு பரோட்டாக் கடை வந்தது, சால்னா வந்தது. 2007இல் ரேஷன் கடையில் பாமாயில் வந்தபோது, மாப்பிள்ளை வராத நாளிலும் மீனைப் பொரிக்க ஆரம்பித்தோம். பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி நிறை கொழுப்பு. மலிவாகக் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்லும் வசதி எந்தக் குடும்பத்துக்கு இருந்தது? ஆகவே ரேஷன் கடையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயா ஊற்றிய அந்த ஒரு கரண்டிக் கணக்கை எண்ணெயோடு சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

பழைய சாப்பாட்டை இப்படிப் புகழ்கிறவர்கள் கருவாட்டை வசதியாக மறந்துவிடுவார்கள். நான் மறக்கவில்லை, வாசனை அப்படி. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் கருவாட்டிலும் மோர்மிளகாயிலும் ஊறுகாயிலும் அதைக் காலையிலேயே தாண்டியிருப்போம். உலைக்கூடத்தில் வியர்வை கொட்ட வேலை செய்தவர்களுக்கே அது மிகுதிதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். உப்போடு பீடியும் சேர்ந்துகொண்டது. தீப்பெட்டி செய்கிற ஊரில் பற்றவைக்க நெருப்புக்கா பஞ்சம்?

எங்கள் தெருவில் ஒருவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தார். நெஞ்சை அடைக்கிறது என்றார். “வாயுப் பிடிப்பா இருக்கும், சோடா குடி” என்றார்கள். உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவைக் குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்தவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் உயிர் இல்லை. அவரும் எங்களைப் போலக் கூழும் கவலையும் சாப்பிட்டவர்தான், சைக்கிள் மிதித்தவர்தான். சாப்பாடு ஒன்றே யாரையும் காப்பாற்றிவிடாது. நெஞ்சு அடைத்தால் இன்றைக்கும் வாயு என்று சொல்கிற வீடுகள் உண்டு. அவர்கள் முதலில் 108ஐ அழைக்கட்டும், சோடாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடலும் பழைய கடல் இல்லை. அனல் மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து வருடங்கள் ஆயின. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை வாளி வாளியாக அள்ளிய இளைஞர்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அந்த நாட்களில் எண்ணூர் மீன் என்றாலே வாங்குகிறவர்கள் கூடையை மூடச் சொன்னார்கள். இதயத்துக்கு மீன் சாப்பிடுங்கள் என்று சொல்கிறவர்கள், மீன் வருகிற தண்ணீரைப் பற்றியும் சேர்த்துப் பேசவேண்டும். அந்த மடவையைத் தட்டில் பார்த்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

ஆயாவின் சட்டியை முழுசாக மீட்கவேண்டும் என்பதல்ல என் எண்ணம். பாதி போதும். கேழ்வரகு இருக்கட்டும், கீரையும் பயறும் கூட இருக்கட்டும், மாலைப் பசிக்கு மிக்சருக்குப் பதில் அவித்த வேர்க்கடலையோ சுண்டலோ இருக்கட்டும். கருவாடு ஆடிக்கு ஒருமுறை வரட்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதுவானாலும் வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று ஒருமுறை கணக்குப் பார்த்தால் நீங்களே அதிர்ந்துபோவீர்கள். கவலையும் நெத்திலியும் இன்றும் வஞ்சிரத்தைவிடப் பல மடங்கு மலிவு. தெருவில் கூடை வந்தால் நிறுத்துங்கள். வாரம் இரண்டு நாள் வாங்கி மாங்காய் போட்டுக் குழம்பு வையுங்கள். பொரிக்க மட்டும் வேண்டாம்.