பஸ்ஸில் ஒரு கூட்டம்... பார்க்க ஒரு கூட்டம்!

மாலை நாலரை மணிக்கு மேல் படப்பை பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரகடம் பக்கமிருந்து தாம்பரம் போகும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்து நிற்கும். உள்ளே நிற்க இடம் இருக்கும். ஆனால் ஏற முடியாது! படிக்கட்டைப் பத்துப் பதினைந்து பையன்கள் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். தகரத்தில் தாளம், ஒரு கானாப் பாட்டு, நடுநடுவே விசில்.

இதுவரைக்கும் சரி. பாட்டுப் பாடுவது குற்றம் இல்லை. அந்த வயதில் யார்தான் சத்தம் போடாமல் இருந்தார்கள்? பிரச்னை அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. கம்பெனி ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு ஏறும் பெண்ணின் பேட்ஜில் இருக்கும் பெயரைச் சத்தமாகப் படிப்பது. "என்னா பெருசு, அடுத்த வண்டில வா" என்று வயதானவரைத் தடுப்பது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி ஏறினால், "ஏய் பையா!" என்று கூப்பிட்டு, அவர் பேசுவதைப் போலவே பேசிக் காட்டி, பையைப் பிடித்து இழுப்பது. கூட்டம் சிரிக்கும். மற்றவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். அந்தத் தொழிலாளியும் சிரிப்பார், வேறு வழி தெரியாமல்!

ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிஸ்ஸான் ஆலை வந்த பிறகும், அடுத்தடுத்து லாரி, பைக், டயர் ஆலைகள் வந்த பிறகும் இந்தச் சாலையின் முகமே மாறிவிட்டது. நிரந்தரத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு. காண்டிராக்ட் ஆட்களுக்கும், கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும், பள்ளி கல்லூரி மாணவர்களுக்கும் டவுன் பஸ்தான் கதி. அந்த ஒரு பஸ்ஸை யார் பயமில்லாமல் பயன்படுத்த முடியும் என்பதுதான் இங்கே கேள்வி. தினமும் அவமானப்படுகிற ஒருவர் ஒருநாள் ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிடுவார். மாதச் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய செலவு என்று வணிகவியல் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

விடலைப் பருவம் என்று தமிழில் அழகான சொல் இருக்கிறது. குழந்தையும் இல்லை, பெரியவனும் இல்லை. இந்த வயதைப் பற்றி அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. கம்ப்யூட்டரில் ஒரு கார் விளையாட்டு. சிக்னல் மஞ்சளுக்கு மாறிய பிறகும் ஓட்டினால் அதிகப் புள்ளி, ஆனால் எந்த நொடியிலும் சுவரில் மோதலாம். தனியாக விளையாடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி விளையாடினார்கள். பக்கத்தில் இரண்டு நண்பர்களை நிற்க வைத்ததும் பிள்ளைகள் எடுத்த ஆபத்து கிட்டத்தட்ட இரு மடங்காகியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை!

இது நம் பஸ்ஸுக்கும் பொருந்தும் அல்லவா? படிக்கட்டில் அட்டகாசம் செய்யும் அதே பையன் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கடைக்கு வரும்போது தலை நிமிர்வதில்லை. அவனுக்கு அந்த ஒடிசாக்காரர் மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அவன் நடிப்பது நண்பர்களுக்காக. அந்த மேடையில் அவன் எதிர்பார்க்கும் வரவு இரண்டுதான்: ஒன்று சிரிப்பு, இன்னொன்று யாராவது ஒருவரின் கோபம். இரண்டில் எது வந்தாலும் அவனுக்கு லாபம்!

இதைப் புரிந்துகொள்ளாமல் நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று அடிப்பது, இன்னொன்று வாயை மூடிக்கொள்வது.

அடிப்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2023 நவம்பரில், குன்றத்தூர் பக்கம் கெருகம்பாக்கத்தில் மாநகரப் பேருந்து ஒன்றின் படிக்கட்டில் மாணவர்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். நடிகையும் அப்போது பா.ஜ.க. நிர்வாகியுமாக இருந்த ரஞ்சனா நாச்சியார் பஸ்ஸை நிறுத்தினார். டிரைவர், கண்டக்டரைத் திட்டினார், மாணவர்களை அடித்து இறக்கினார். வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. "நல்லா போட்டாங்க" என்று கைதட்டியவர்களும் நிறையப் பேர். முடிவு என்ன? மாங்காடு போலீசார் அவரைக் கைது செய்தார்கள், ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. படிக்கட்டில் தொங்கியது தவறு என்ற பேச்சே பின்னால் போய்விட்டது. அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. கை நீட்டியதும் அந்த நியாயம் கைவிட்டுப் போனது. அங்கே நடந்தது படிக்கட்டுப் பயணம் மட்டுமே. பிறரைச் சீண்டும் கூட்டத்தில் ஒருவர் கை ஓங்கினால், பையன்களுக்கு அது சவாலாகிவிடும். நண்பர்கள் முன்னால் அடி வாங்கிக்கொண்டு எந்தப் பையன் சும்மா போவான்?

சரி, அப்படியானால் பேசாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனமா? "நமக்கெதற்கு வம்பு" என்பது நம் ஊரில் பாதுகாப்பு மந்திரம். அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாநகரப் பேருந்தில் போன மாணவர்களைச் சக மாணவர்களே பட்டாக்கத்தியோடு துரத்தி வெட்டியதை நாடே பார்த்தது. 'ரூட்டு தல' என்ற வார்த்தை அப்போதுதான் பலருக்குத் தெரிய வந்தது. யாரிடம் என்ன இருக்கும் என்று தெரியாத பயம் பொய்யான பயம் அல்ல.

ஆனால் எல்லோரும் எப்போதும் சும்மாதான் இருக்கிறார்கள் என்பது உண்மையில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்களில் பொது இடங்களில் நடந்த 219 தகராறுகளை சி.சி.டி.வி. பதிவுகளில் பார்த்து ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. பத்தில் ஒன்பது தகராறுகளில் அங்கே இருந்தவர்களில் ஒருவராவது ஏதாவது செய்திருக்கிறார். கூட்டம் அதிகமாக அதிகமாக, யாராவது உதவும் வாய்ப்பும் அதிகமாகியிருக்கிறது! அவர்கள் எல்லோரும் சினிமா ஹீரோ மாதிரி பாய்ந்தவர்கள் அல்ல. நடுவில் வந்து நின்றது, தோளில் கை வைத்து விலக்கியது, அடிபட்டவரைத் தேற்றியது எல்லாமே அந்தக் கணக்கில் உண்டு.

அப்படியானால் படப்பை பஸ்ஸில் சாதாரண ஆள் ஒருவர் என்ன செய்யலாம்?

முதலில், பையன்களைப் பார்க்காமல் பாதிக்கப்பட்டவரைப் பாருங்கள். "அக்கா, இங்க வந்து உட்காருங்க", "பாய், இதர் ஆவோ" என்று இடம் கொடுங்கள். எங்கே இறங்க வேண்டும், மணி என்ன என்று ஏதாவது ஒரு பேச்சு. அவ்வளவுதான். கூட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றவர் இப்போது தனியாள் இல்லை. பையன்களோடு சண்டையும் வரவில்லை. அவர்களுடைய நாடகத்தில் முக்கியமான பாத்திரம் எழுந்து போய்விட்டது!

இரண்டாவது, சிரிக்காதீர்கள். லேசாகக்கூட. இதை முக்கியமாகச் சொல்ல வேண்டியது கல்லூரி மாணவர்களுக்குத்தான். பள்ளிப் பையன்கள் 'கெத்து' காட்டுவது அவர்களுக்கு முன்னால்தான். ஒரு சீனியர் அண்ணன் முகம் சுளித்தால், ஐம்பது வயதுக்காரர் அரை மணி நேரம் கத்துவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, பேசுவதாக இருந்தால் கூட்டத்தோடு பேசாதீர்கள். ஒருவனோடு பேசுங்கள். ஓரமாக நிற்கும், அதிகம் சத்தம் போடாத பையன் ஒருவன் எப்போதும் இருப்பான். "தம்பி, அந்த அம்மா ஏறட்டும், கொஞ்சம் வழி விடச் சொல்லுப்பா" என்றால் பெரும்பாலும் வேலை நடக்கும். "டேய், வளர்ப்பு சரியில்லையா?" என்று தொடங்கினால் அன்றைய பயணம் முடிந்தது!

நான்காவது, சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1998இல் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலால் கீழே விழுந்து இறந்தார். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. பஸ்ஸில் ஒரு பெண் துன்புறுத்தப்பட்டு அவர் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2012 நவம்பர் 30 அன்று உச்சநீதிமன்றமும் இதையே உத்தரவிட்டது. அதுவும் தென்காசி பேருந்து நிறுத்தத்தில் நடந்த சம்பவம் ஒன்றிலிருந்து வந்த வழக்கு. அந்தத் தீர்ப்பில் இன்னொரு வரி நமக்கானது: பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் தகவல் சொல்லும் பொறுப்பு உண்டு! ஆண் பயணிகளைச் சீண்டினாலும், ஒழுங்கீனமாக நடப்பவரை இறங்கச் சொல்ல மோட்டார் வாகன விதிகளில் கண்டக்டருக்கு இடம் உண்டு. ஆனால் அவரும் மனிதர்தானே? நாளைக்கும் அதே வழியில் வர வேண்டியவர், கண்ணாடியில் கல் விழுமோ என்று யோசிப்பவர். "அண்ணே, நாங்க நாலு பேர் பார்த்தோம், சாட்சி சொல்றோம்" என்று பயணிகள் சொன்னால்தான் அவருக்கும் தைரியம் வரும். 100, 112, பெண்களுக்கு 181 என்ற எண்களும், 2022இல் வந்த 'காவல் உதவி' செயலியும் கையில் இருக்கட்டும்.

ஐந்தாவது, வீடியோ. இப்போது எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். எடுத்தால் போலீசிடம் கொடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குற்றத்தில் சிக்கிய 18 வயதுக்குக் குறைந்தவர் யார் என்று அடையாளம் தெரியும்படி வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரியது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். லட்சம் பேர் பார்க்கிற வீடியோவை விடப் பெரிய மேடை விடலைக்கு வேறு என்ன வேண்டும்?

ஆயுதம் தெரிந்தால் மட்டும் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். இறங்குங்கள், மற்றவர்களையும் இறக்குங்கள், போன் செய்யுங்கள்.

இவ்வளவும் ஏன் பார்வையாளருக்கே சொல்லப்படுகிறது, பாதிக்கப்பட்டவரே புகார் கொடுக்கக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பதில் நாங்குநேரியில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அங்கே பட்டியலினத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர், தன்னைத் தொடர்ந்து கொடுமைப்படுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் புகார் சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் அதே விடலைகள்தான்! அதன் பிறகு அரசு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. சாதி சேர்ந்துகொண்டதால் அங்கே நடந்தது பல மடங்கு கொடூரம். ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அடி வாங்கியவர் தனியாகப் புகார் சொன்னால் பகை முழுவதும் அவர் ஒருவர் மேல் விழுகிறது. இருபது பேர் சேர்ந்து சொன்னால் யாரைத் தேடிப் போவார்கள்?

பையன்கள் பக்கமும் ஒரு வார்த்தை. பள்ளி விடும் நேரமும் ஷிஃப்ட் முடியும் நேரமும் ஒன்றாக வந்து, பஸ் மட்டும் போதாமல் இருந்தால், படிக்கட்டில் நிற்பது பல நாள் அவர்களுடைய விருப்பம் இல்லை. இலவச பாஸ் வைத்திருக்கிறான் என்பதற்காகப் பள்ளிப் பையனைக் கண்டதும் நிறுத்தாமல் போகும் வண்டிகளும் உண்டு. பெரியவர்கள் மரியாதை கொடுக்காத இடத்தில் பிள்ளைகள் மரியாதையை எங்கே கற்றுக்கொள்வார்கள்? கூடுதல் பஸ் கேட்டு மனு கொடுப்பதும், மாலையில் ஒரு ஆசிரியர் நிறுத்தத்தில் வந்து நிற்பதும் கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அறைவதைவிட அதிகப் பயன் தரும்.

இளங்கன்று பயமறியாது என்பார்கள். கன்றுக்குப் பயம் தெரியாமல் இருப்பது இயற்கை. கன்றைப் பார்த்து ஊரே பயந்து வழிவிடுவதுதான் இயற்கைக்கு மாறானது. அந்தப் பஸ்ஸில் அவர்கள் பதினைந்து பேர், நாம் ஐம்பது பேர். அவர்கள் ஒன்றாக இருக்கிறார்கள், நாம் தனித்தனியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாளை அந்த ஒடிசாக்காரர் ஏறும்போது யாராவது ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தால் போதும். இரண்டாவது ஆள் தானாக வருவார்!