டெப்னி டு மொரியேயின் கடைசி நாவல்

டெப்னி டு மொரியே என்றதும் பலருக்கும் நினைவில் வருவது 1938 இல் வெளியான 'றெபேக்கா' நாவலே. 1940 இல் ஹிட்ச்கொக் அதனைத் திரைப்படமாக்கினார். ஆனால், 1972 இல் வெளிவந்த அவரது கடைசி நாவலான 'றூல் பிரிட்டானியா'வை அறிந்தோர் மிகச் சிலர். அண்மையில் அதனை மீண்டும் வாசித்தேன்.

1941 இல் கடற்கொள்ளையனைக் காதலிக்கும் சீமாட்டியின் கதையை எழுதியவர் அவர். அத்தகைய ஒருவர் நாளைய பிரித்தானியாவைப் பற்றிய இருண்ட கற்பனைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு?

ஊன்றி நோக்கினால், அவர் வெகுதூரம் செல்லவில்லை என்பது புலனாகும். 1946 இல் வெளிவந்த 'த கிங்ஸ் ஜெனரல்', பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலக் காதல் கதை. அதிலும் கோர்ன்வோலில் உள்ள ஒரு வீட்டைப் படையினர் கைப்பற்றுகின்றனர். நடக்க இயலாத ஒரு பெண் உள்ளிருந்தவாறே அனைத்தையும் காண்கிறாள். 1952 இல் வெளியான 'பறவைகள்' சிறுகதையிலோ வானொலி மௌனமாகிவிட, ஒரு குடும்பம் சன்னல்களுக்குப் பலகை அடித்துக் காத்திருக்கிறது. காலந்தான் மாறுகிறது; முற்றுகையிடப்பட்ட வீடு மாறவில்லை.

கடைசி நாவலில், ஐரோப்பாவிலிருந்து வெளியேறிய பிரித்தானியா பொருளாதார நெருக்கடியினால் அமெரிக்காவுடன் ஒன்றிணைகிறது. ஒருநாட் காலையில் கோர்ன்வோல் மக்கள் கண்விழிக்கும்போது, நட்பின் பெயரால் அமெரிக்கச் சிப்பாய்கள் வந்திறங்கியிருக்கின்றனர். தொலைபேசி இயங்கவில்லை. முதலிற் சுடப்படுவது ஒரு பண்ணை நாய். பின்னர் ஒரு சிறுவன் எய்த அம்பு சிப்பாய் ஒருவனைக் கொல்ல, அயலவர் உடலை மறைக்க உதவுகின்றனர்.

விமர்சகர்கள் இந்நாவலைப் பெரிதாக மெச்சவில்லை. பிரித்தானியா ஐரோப்பிய சமூகத்தில் இணைந்ததே 1973 இல் என்பதால், வெளியேறும் கதை அன்று வேடிக்கையாகவே தோன்றியிருக்கும். 2016 ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் பின்னரே பலர் இதனைத் தேடிப் படித்தனர்.

ஆயினும், அந்த முன்னறிவிப்பு என்னை அதிகம் கவரவில்லை. வீதித் தடைகளில் அடையாள அட்டையுடன் வரிசையில் நின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பாதுகாக்க வந்தோம் என்போரின் புன்னகையும், ஒரு சாவின் பின் ஊரே காக்கும் மௌனமும் எனக்குப் புதியனவல்ல. லெப்டினன்ட் ஜெனரல் ஒருவரின் மனைவியாக வாழ்ந்த இந்த எழுத்தாளர், படையினரின் வருகையைச் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். செய்தியறிக்கைகளில் நாங்கள் எழுதத் தவறாத எண்ணிக்கைகள் அங்கில்லை. அந்த நாயின் பெயர் இருக்கிறது. காதல் கதைகளை எழுதிப் பழகிய கைக்கே அது வாய்க்கும் போலும்.