சூட்டுக்குறியும் மணமோதிரமும்

தமிழ் வாசகருள் பலருக்கு அமெரிக்க மேற்கு அறிமுகமானது லயன் காமிக்ஸில் வந்த டெக்ஸ் வில்லரின் வழியாகத்தான். அவ்வுலகில் குதிரை உண்டு, துப்பாக்கி உண்டு, புழுதி பறக்கும் தெரு உண்டு. காதலுக்கு இடம் குறைவு. அதே நிலத்தையும் அதே காலத்தையும் களமாகக் கொண்டு, காதலையே நடுப்பொருளாக வைத்த கதைகள் ஆங்கிலத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாகக் குவிந்துவருகின்றன. 1924 முதல் 1971 வரை 'ராஞ்ச் ரொமான்சஸ்' என்ற பெயரிலேயே ஒரு மலிவுத்தாள் இதழ் வெளிவந்தது; அவ்வகை இதழ்களில் கடைசிவரை தாக்குப்பிடித்தவற்றுள் அதுவும் ஒன்று. இன்றைய புத்தகங்களின் அட்டையிலும் அந்தி வானமும் அகலத் தொப்பியும் மாறவில்லை.

கதையின் கூடும் மாறவில்லை. காலம் 1880கள். கிழக்கிலிருந்து ஓர் ஆசிரியை வருகிறாள். அல்லது செய்தித்தாள் விளம்பரம் பார்த்து ஒரு மணமகள் வருகிறாள். அல்லது கணவனை இழந்த ஒருத்தி கடனில் மூழ்கிய மாட்டுப்பண்ணையைத் தனியே காத்துநிற்கிறாள். அங்கே ஓர் ஆடவன். முதலில் தேவை கருதி ஒரு திருமணம், பிறகு மெல்ல மெல்லக் காதல். திருமணம் நிலத்தைக் காப்பாற்றிவிடுகிறது. இந்தக் கடைசிச் செய்திதான் சற்று நின்று பார்க்கத்தக்கது. ஏனெனில் கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலத்தில் சட்டம் வேறுவிதமாக இருந்தது.

இவ்வகைக்கு வாய்பாடு வகுத்த நூல் என்று ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்' புதினத்தைச் சொல்லலாம். 1902இல் வெளிவந்து, எழுத்தாளரின் நண்பரும் அப்போதைய அமெரிக்க அதிபருமான தியடோர் ரூஸ்வெல்ட்டுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல். நாயகனுக்குப் பெயர் கிடையாது. வர்ஜீனியாவிலிருந்து வந்தவன் என்பதே அவனுக்குப் பெயர். வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் ஊரிலிருந்து வயோமிங்கிற்குப் பாடம் சொல்ல வரும் மோலி ஸ்டார்க் வுட் நாயகி. அவள் அவனுக்குப் புத்தகங்கள் தருகிறாள். ஷேக்ஸ்பியர் அவனுக்குப் பிடித்துப்போகிறார். ஜேன் ஆஸ்டின் பிடிக்கவில்லை. காதல் கதை என்ற அளவில் இப்பகுதிகள் இன்றும் வாடாமல் இருக்கின்றன. கற்ற பெண்ணும் கல்லாத ஆணும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு நெருங்கும் அந்த நடையைப் பின்வந்தோர் ஆயிரம் முறை படியெடுத்தும் விஸ்டரின் நகைச்சுவை அவர்களுக்கு எளிதில் கைவரவில்லை.

ஆனால் புதினத்தின் நடுவில் ஒரு தூக்குமரம் நிற்கிறது. மாடு திருடியதற்காகத் தன் பழைய நண்பன் ஸ்டீவைத் தூக்கிலிடும் கூட்டத்தில் நாயகனும் ஒருவன். மோலி அதிர்ந்துபோகிறாள். அவளைத் தேற்றப் பண்ணை உரிமையாளரான நீதிபதி ஹென்றி வருகிறார். நீதிமன்றங்கள் செயலற்றுப்போன இடத்தில் மக்கள் தாம் கொடுத்த அதிகாரத்தைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை ஊர்கூடி எரித்துக் கொல்வது வேறு, வயோமிங்கில் மாட்டுத் திருடனைத் தூக்கிலிடுவது வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். மணநாளுக்கு முந்தைய மாலையில் நாயகன் எதிரி ட்ராம்பாஸுடன் மோதப் புறப்படும்போது, போனால் நம் திருமணம் இல்லை என்கிறாள் மோலி. அவன் போகிறான், கொல்கிறான், உயிரோடு திரும்புகிறான். அவள் அவனை ஏற்றுக்கொள்கிறாள். வாதத்தால் முழுதும் வெல்ல முடியாத இடத்தைத் திருமணம் வென்றுகொடுக்கிறது. இருவரும் ஒன்றுசேர வேண்டுமே என்று பதைக்கும் வாசகர், தூக்குக்கயிற்றுக்கும் சேர்த்துத்தான் ஒப்புதல் அளிக்கிறார். காதல் புதினம் என்ற வடிவத்தின் வலிமையை இவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்திய அரசியல் எழுத்து அரிது.

யாருடைய மாட்டை யார் திருடினார்கள் என்ற கேள்விக்குப் புதினத்தில் விடை கிடைக்காது. அதற்குச் சூட்டுக்குறியிடம் போகவேண்டும்.

வேலியற்ற மேய்ச்சல் வெளியில் பல பண்ணைகளின் மாடுகள் கலந்தே திரிந்தன. உடைமையைக் காட்டியது பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தோலில் இட்ட குறி மட்டுமே. இக்குறிகளுக்கு ஓர் எழுத்திலக்கணம் உண்டு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள் என்பது படிக்கும் முறை. எழுத்து பக்கவாட்டில் படுத்திருந்தால் அது 'சோம்பேறி' எழுத்து. அடியில் ஒரு வளைகோடு இருந்தால் 'ஆடும்' எழுத்து. கால் முளைத்திருந்தால் 'நடக்கும்' எழுத்து. சிறகு விரித்திருந்தால் 'பறக்கும்' எழுத்து. ஆங்கில எழுத்தே அறியாத மாடுமேய்ப்பரும் இதைப் பிழையின்றிப் படித்தனர். மொழியியல் பாடநூல்களில் எழுத்துமுறைகளைப் பற்றிய இயலில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

சொற்களும் தம் பங்குக்குச் சாட்சி சொல்கின்றன. 'ராஞ்ச்' ஸ்பானியச் சொல். சுருக்குக்கயிற்றைக் குறிக்கும் 'லாரியட்', 'லா ரியாட்டா' என்ற ஸ்பானியத் தொடரின் திரிபு. 'பக்கரூ' என்பது 'வக்கேரோ'வின் மருவு. இத்தொழிலை மெக்சிகோவின் மாடுமேய்ப்பரிடமிருந்து கற்ற சுவடு பேச்சில் அப்படியே தங்கிவிட்டது. காதல் புதினத்தின் அட்டையிலோ வெள்ளை முகம்தான். டெக்சாஸிலிருந்து மந்தை ஓட்டிச்சென்றவர்களில் மெக்சிகரும் கறுப்பினத்தவரும் கணிசமாக இருந்தனர் என்பதைச் சொல் சொல்கிறது, படம் மறைக்கிறது. ஆங்கிலத்தின் 'கேட்டில்', உடைமையைக் குறிக்கும் 'சேட்டல்', முதலைக் குறிக்கும் 'கேப்பிட்டல்' மூன்றும் ஒரே இலத்தீன் வேரின் கிளைகள். செல்வத்தையும் மாடு என்றே சொன்ன தமிழுக்கு இதில் வியப்பில்லை.

குறியற்ற கன்றுக்கு 'மேவரிக்' என்று பெயர். டெக்சாஸில் தன் மாடுகளுக்குச் சூடு போடாமல் விட்ட சாமுவேல் மேவரிக் என்பவரின் பெயரால் வந்தது. அதைக் கண்டவர் குறியிட்டுக்கொள்வது பழைய வழக்கம். 1884இல் வயோமிங் இயற்றிய சட்டம் இதைத் தலைகீழாக்கியது. மந்தை திரட்டும்போது அகப்படும் குறியற்ற கன்றுகள், பெரும்பண்ணையாரின் அமைப்பான வயோமிங் கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் பொறுப்பில் ஏலம் விடப்படும், பணம் சங்கத்துக்கே. சொந்தமாக மாடு வைத்திருக்கும் மேய்ப்பருக்கு வேலை கொடுக்கக்கூடாது என்றும் சங்கம் கட்டுப்பாடு விதித்தது. 1886–87 குளிர்காலத்தின் பனிப்புயல்களில் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஸ்காட்லாந்துப் பணத்தில் நடந்த ஸ்வான் நிறுவனம் போன்ற பெரும்பண்ணைகள் சரிந்தன. எஞ்சிய பண்ணையாரின் கண்ணுக்கு, நிலத்துக்கு மனுச் செய்யும் ஒவ்வொரு சிறு குடியானவரும் திருடராகத் தெரிந்தார்.

அப்படித் தெரிந்தவர்களுள் ஒருத்தி எலன் வாட்சன். ஊரார் எல்லா என்றழைத்தனர். கனடாவில் பிறந்து கான்சஸில் மணமாகி, அடிக்கும் கணவனிடமிருந்து விலகி, வயோமிங்கில் சமையல் வேலை பார்த்துப் பிழைத்தவள். ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரைப் பகுதியில் கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஜேம்ஸ் அவரெலைச் சந்தித்தாள். 1886இல் லாண்டர் ஊரில் இருவரும் திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்தனர். ஆனால் வெளியில் கணவன் மனைவி என்று காட்டிக்கொள்ளவில்லை. காரணம் நாணமன்று, நிலம். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கருக்கு மனுச் செய்யும் உரிமை மணமாகாத பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் மணவிலக்குப் பெற்றவளுக்கும் உண்டு; கணவனோடு வாழ்பவளுக்கு இல்லை. காதல் புதினத்தில் திருமணம் நிலத்தைக் காக்கிறது. இங்கே நிலத்தைக் காக்கத் திருமணம் ஒளிந்துகொண்டது. இதைவிடக் கூரிய கதைமுடிச்சை எந்த இதழாசிரியரும் கேட்டிருக்க முடியாது.

அவள் நிலம் பெரும்பண்ணையாரான ஆல்பர்ட் போத்வெல் தன்னுடையதாகவே எண்ணிப் பயன்படுத்திவந்த புல்வெளியில் விழுந்தது. அவள் வீடு கட்டினாள், முள்கம்பி வேலியிட்டாள், வழிப்போக்கரிடமிருந்து மாடு வாங்கினாள். தனக்கென ஒரு குறி கேட்டபோது அனுமதி மறுக்கப்பட்டது. ஏற்கெனவே பதிவான எல்யூ என்ற குறியை 1889இல் ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டாள். அவரெலோ நிலக்கொள்ளையரைச் சாடி உள்ளூர் வார இதழுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஜூலை 20 அன்று போத்வெல் உள்ளிட்ட ஆறு பண்ணையார்கள் இருவரையும் பிடித்துச்சென்று ஒரு மரத்தில் தூக்கிலிட்டனர். 1869 முதலே பெண்களுக்கு வாக்குரிமை அளித்துப் பெருமைகொண்ட நிலப்பகுதி அது. கண்ட சாட்சிகள் விசாரணைக்கு முன் இல்லாமற்போயினர், ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. பின்னர் அந்த நிலம் போத்வெல் கைக்குப் போனது.

செயன் நகரத்துச் செய்தித்தாள்கள் அவளுக்கு 'கேட்டில் கேட்' என்று பெயர் சூட்டின. உடலை விற்றுத் திருட்டு மாடு வாங்கியவள் என்று எழுதின. அந்தப் பெயரை அவள் வாழ்நாளில் தாங்கியதில்லை. அது ஒட்டிக்கொண்டு நூறாண்டு நின்றது. பெரும்பண்ணையாருக்கு எதிரான படமென்றே எடுக்கப்பட்ட மைக்கேல் சிமினோவின் 'ஹெவன்ஸ் கேட்' (1980) கூட, எல்லா வாட்சன் என்ற அவள் உண்மைப் பெயரை ஒரு விலைமகள் விடுதித் தலைவிக்குக் கொடுத்துவிட்டது. பெயரே இல்லாத நாயகனுக்கோ மெடிசின் போ ஊரில் 1911 முதல் ஒரு விடுதியே இருக்கிறது.

விஸ்டர் இதையெல்லாம் அறியாதவர் அல்லர். தம் நூல் 1874க்கும் 1890க்கும் இடைப்பட்ட வயோமிங்கைப் பற்றியது என்று முன்னுரையில் அவரே குறிக்கிறார். உடல்நலம் தேடி 1885இல் முதன்முறை அங்கே போனபோது அவர் தங்கிய பண்ணை ஃபிராங்க் வுல்காட்டுடையது. அதே வுல்காட்தான் 1892 ஏப்ரலில், டெக்சாஸிலிருந்து வாடகைக்குக் கொணர்ந்த துப்பாக்கிக்காரர் உட்பட ஏறத்தாழ ஐம்பது பேரைத் திரட்டிக்கொண்டு, கொல்லவேண்டியோர் பட்டியலுடன் ஜான்சன் கவுண்டிக்குள் புகுந்தவர்களின் தலைவர். நேட் சாம்பியன் என்ற சிறுபண்ணைக்காரர் தன் குடிசையில் முற்றுகையிடப்பட்டு, தோட்டாக்களுக்கிடையே குறிப்பேட்டில் எழுதி, இறுதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஊர் திரண்டு படையெடுத்தவர்களைச் சூழ்ந்துகொண்டபோது, கூட்டாட்சிக் குதிரைப்படை வந்து அவர்களை மீட்டது. அங்கும் தண்டனை இல்லை. பத்தாண்டு கழித்து அழகான காதல் கதை வந்தது.

இதனால் மாட்டுப்பண்ணைக் காதல் கதை என்ற வடிவமே கறைபட்டது என்று தள்ளிவிடுவது அவசரம். பி.எம். பவர் 1906இல் நூலாக வெளியிட்ட 'சிப் ஆஃப் த ஃபிளையிங் யூ' வேறொரு பாதை காட்டுகிறது. தலைப்பிலேயே பறக்கும் எழுத்து. நாயகி ஆசிரியை அல்லள், மருத்துவர். நாயகனுக்குத் துப்பாக்கியைவிடத் தூரிகை நன்றாக வரும். அவன் வரைந்த ஓவியம் அவள் வரைந்ததாக ஊருக்குள் பரவுவதுதான் கதையின் சிக்கல். யாருடையது எது என்ற அதே கேள்வி, கயிறு இல்லாமல். முதலெழுத்துகளுக்குப் பின்னால் இருந்தவர் பெர்த்தா மஸி என்ற பெண், மொன்டானாவின் பண்ணை வாழ்வைக் கூடவே இருந்து கண்டவர். ஆணாகவே எண்ணிப் பலர் படித்தனர். அவர் நூலிலும் பழங்குடி மக்களின் நிலம் யாருடையதாக இருந்தது என்ற பேச்சு இல்லைதான். ஆயினும் கதை தீர்வதற்கு ஒருவர் சாகவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை.

எல்லாவையும் அவரெலையும் பற்றி உண்மையான காதல் புதினம் ஒன்று எழுதப்பட்டால், அதன் திருமணக் காட்சி எங்கே வரும் என்று யோசித்துப் பார்க்கலாம். லாண்டரின் அலுவலக மேசையில் இரு கையொப்பங்கள். அதன்பின் மூன்றாண்டுகள் அதைப் பற்றி ஊரில் ஒரு சொல்லும் சொல்லாத வாழ்வு. பக்கத்துப் பக்கத்து நிலங்கள், தனித்தனிப் பெயர்கள். இறந்த நாளின் காலையில் எல்லா அருகிலிருந்த ஷோஷோனி மக்களின் முகாமுக்குப் போய் மணிகள் கோத்த தோற்காலணி ஒரு சோடி வாங்கியிருந்தாள். தூக்கிலிட்டபோது அவை காலிலிருந்து நழுவி விழுந்தன. செயன் நகரத்து அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன.