ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு

அம்மம்மாவின் கேக் கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். ஒரு கோப்பை பட்டர், இரண்டு கோப்பை சீனி, மூன்று கோப்பை மா, நாலு முட்டை. "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் மறக்காது" என்பார். மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் கேக் அடிக்கத் தெரிந்த மற்ற வீடுகளில் கணக்கு வேறு. அங்கே எல்லாம் இறாத்தலில் நடக்கும். ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் மா, பத்து முட்டை. அதற்குத் தராசு வேண்டும், பட்டர் வாங்கக் காசு வேண்டும், பத்து முட்டைக்குக் கோழியும் வேண்டும்.

அம்மம்மா சின்ன வயதில் உடுவில் மகளிர் கல்லூரி விடுதியில் நின்று படித்தவர். 1824இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. வெள்ளைக்காரன் ஆண்ட நாடு முழுக்க இறாத்தலும் அவுன்ஸுமாகச் சமைத்துக்கொண்டிருக்க, அமெரிக்கர்கள் மட்டும் கோப்பையால் அளந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்ற இந்தக் கேக்கும் அவர்களுடைய பழைய வீட்டுக் கேக்தான். அங்கேயும் அந்த எண்களாலேயே அதைக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக் கோப்பை, கரையில் நீலக் கோடு போட்ட இனாமல் கோப்பை. ஓரத்தில் இனாமல் உடைந்து கறுத்திருந்தது. கொஞ்சம் பெரிய கோப்பை என்பதால் முட்டையையும் பெரிதாகப் பார்த்துத்தான் பொறுக்குவார்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது நான் கீழ் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனது. பல வருடம் அது திரும்பவில்லை. பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி எதுவும் யாழ்ப்பாணத்துக்குள் வரக் கூடாதென்று தடை. மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கில் செலவழிக்கிற சாமான் ஆகிவிட்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் குழாய்க்குள்ளால் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் வாய்ப்பாடு படித்தோம். ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்ததால் கொழும்புக்குப் போகிறவர்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். அப்படிப் போய்வந்த மாமா ஒருமுறை சட்டைப் பைக்குள் இருந்து ஒரு சரையை எடுத்து அம்மம்மாவிடம் நீட்டினார். உள்ளே பேக்கிங் பவுடர். அம்மம்மா அதைச் சாமியறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அந்தக் காலத்தில் கேக் செய்யவில்லை என்றால் ஊரில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பிறந்தநாள், நத்தார், மாமாவின் பரீட்சை முடிவு என்று ஏதாவது ஒரு சாட்டு அம்மம்மாவுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

முதலில் போனது பட்டர். அந்த இடத்துக்கு அஸ்ரா மாஜரின் வந்தது. அதுவும் கடைகளில் இல்லாமல் போனபோது அம்மம்மா தேங்காய்க்கு மாறினார். முற்றின தேங்காயைத் துருவி, தண்ணீர் காட்டாமல் பிழிந்த தலைப்பால் அரைக் கோப்பை, மிச்ச அரைக்குத் தேங்காய் எண்ணெய். "பட்டர் என்ன செய்யுது? கேக்கை மெத்தெண்டு வைச்சிருக்குது. அதைத் தேங்காயும் செய்யும். ஆனால் பட்டர் மாதிரிக் காத்தைப் பிடிச்சு வைச்சிருக்காது. அதை முட்டைதான் செய்ய வேணும்." அதனால் செய்முறையும் மாறியது. வெள்ளைக் கருவைத் தனியாகப் பிரித்து, நுரைக்க அடித்து, கடைசியில் சேர்த்தார். சாமான் மாறினால் அது செய்த வேலையை வேறு எதனிடம் ஒப்படைப்பது என்று அவர் யோசித்த விதம், பிற்காலத்தில் விஞ்ஞானம் படித்தபோது எனக்கு நன்றாக விளங்கியது.

சீனியின் இடத்துக்குப் பனங்கட்டி வந்தது. ஓலைக் குட்டானைப் பிரித்து, கத்தியால் சீவி, சூடான தேங்காய்ப்பாலில் கரைத்து, துணியில் வடிப்பார். அடியில் மண்ணும் தும்பும் நிற்கும். கேக் கறுப்பாக வரும். முதல் தடவை அதைப் பார்த்த தம்பி, எரிந்துவிட்டது என்று அழுதான். ஒரு துண்டு வாயில் வைத்தவுடன் அழுகை நின்றது. பேக்கிங் பவுடர்ச் சரை தீர்ந்தபின் அப்பச் சோடாவும் தேசிக்காய்ப் புளியும். சோடாவும் புளியும் சந்தித்தால் நுரைத்துக் காற்று வரும். பேணியில் விற்கிற பவுடருக்குள் இருப்பதும் சோடாவும் ஒரு புளியும்தான், காய்ந்த நிலையில். ஆனால் தேசிக்காய்ப் புளி விட்டபின் தாமதிக்க முடியாது. "புளி விட்டால் கதை பேசக் கூடாது, நேரே அடுப்புக்கு" என்பார். வனிலா எசன்ஸ் போத்தல் எப்போதோ காலி. ஏலக்காய் இரண்டைக் குத்திப் போடுவார். அல்லது தேசிக்காய்த் தோலின் பச்சையை மட்டும் மெல்லச் சுரண்டிச் சேர்ப்பார். வெள்ளைப் பக்கம் பட்டால் கைக்கும்.

மா சங்கக்கடையில் நிவாரணத்துக்குக் கொடுத்தது. வண்டும் கட்டியும் இல்லாத நாளில்லை. அதை மூன்று தரம் அரிப்பார். முதல் தரம் வண்டுக்கு, இரண்டாம் தரம் சோடாவும் உப்பும் எங்கும் ஒரேயளவாகப் பரவ, மூன்றாம் தரம் மாவுக்குள் காற்றுப் போக. அம்மா ஒருநாள் அவசரத்தில் ஒரு தரம் அரித்துவிட்டுக் கொட்டப் போனார். அம்மம்மா சட்டியைக் கையால் மூடிக்கொண்டார். "மா குறைஞ்சால் பரவாயில்லை, சீனி குறைஞ்சாலும் பரவாயில்லை. காசில்லாத இடத்திலை கையையும் குறைச்சால் பிறகென்ன கேக்?"

கேக் அடிக்கிற வேலை பெரும்பாலும் எங்களுக்குத்தான் வரும். குசினி வாசற்படியில் நான் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, தம்பி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்வான். வெள்ளைக் கருவில் ஒரு துளி மஞ்சள் விழுந்தாலும் நுரை வராது என்று, ஒவ்வொரு முட்டையையும் முதலில் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துத்தான் தருவார் அம்மம்மா. கூழ்முட்டை ஒன்று கலந்தால் முழுவதும் போய்விடும் என்ற பயமும் இருந்தது. முள்ளுக்கரண்டியால் அடிக்க வேண்டும். ஆரம்பத்தில் சளசளவென்று சத்தம், பெரிய குமிழிகள். பிறகு குமிழி சிறுத்து, சத்தம் அடங்கி, கரண்டி கனக்கத் தொடங்கும். கை மாற்றுவோம். ஆளும் மாறுவோம். ஒரே பக்கமாகச் சுத்த வேண்டும் என்பது அவருடைய கட்டளை. பக்கம் மாறினால் கெட்டுப்போகாது என்று இப்போது தெரியும். ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகளை ஒரு வேலையில் இருத்திவைக்க அந்தக் கட்டளை நன்றாக உதவியது. முடிந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். சட்டியை வாங்கி, என் தலைக்கு மேலே தலைகீழாகக் கவிழ்ப்பார். நுரை விழாவிட்டால் சரி. விழுந்தால் தலை முழுக வேண்டியதுதான்.

வேகவைப்பது தனிப் பாடம். சண்டைக்கு முன் எங்கள் ஊரில் பாண் போடுகிற போறணைக்குக் கேக் தட்டைக் கொண்டுபோவோம். விடியப்புறப் பாண் இறக்கியபின் போறணையில் மிஞ்சி நிற்கிற சூடு கேக்குக்குப் போதும். மாவுக்கும் விறகுக்கும் தட்டுப்பாடு வர, போறணை எரிகிற நாட்கள் குறைந்தன. அம்மம்மா தன் தாய் செய்த முறைக்குத் திரும்பினார். ஒரு பெரிய அலுமினியப் பானை, அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த கடற்கரை மணல், மணலுக்கு மேலே ஒரு சிரட்டைத் துண்டு, அதன்மேல் கேக் பேணி. பேணி என்பது பழைய பிஸ்கற் பேணி. உள்ளே அனலில் வாட்டிய வாழையிலை விரித்து எண்ணெய் பூசியிருக்கும். பானை வாயைத் தகரத்தால் மூடி, தகரத்தின் மேலும் தணல் போடுவார்.

தணலிலும் அவருக்குத் தெரிவு இருந்தது. சிரட்டை சடசடவென்று எரிந்து மூர்க்கமாகச் சுட்டு, கெதியாக அவிந்துவிடும். பனங்கிழங்கு கிண்டி எடுத்தபின் காயப்போட்ட ஊமலின் கரி நின்று சுடும். மணலைச் சூடாக்கச் சிரட்டை, கேக் வைத்தபின் ஊமல். கீழே ஒரு பங்கு தணல், மேலே இரண்டு பங்கு. கீழே கூடினால் அடி கருகி மேல் வெள்ளையாக நிற்கும். சூடு பதமா என்று பார்க்க, கொப்பித் தாளில் ஒரு துண்டைக் கிழித்து மணலில் போடுவார். தாள் மெல்ல மண்ணிறமானால் பேணி உள்ளே போகலாம். உடனே கறுத்தால் தணலை இழுத்து, மணல் ஆறக் காத்திருக்க வேண்டும். மணல் சூட்டை வாங்கவும் தாமதிக்கும், விடவும் தாமதிக்கும். அதனால்தான் விறகடுப்பின் ஏற்ற இறக்கம் கேக்கைத் தொடாமல் போனது.

பானையை அடிக்கடி திறக்க விடமாட்டார். வாசம் ஒழுங்கைக்குப் போனபின் கொஞ்ச நேரம் பொறுத்து, தகரத்தைத் தணலோடு சரித்துத் தூக்கி, ஓர் ஈர்க்கை நடுவில் குத்தி எடுப்பார். "ஒட்டுதோ பார்." ஒட்டினால் மூடிவிடுவார். ஒட்டாவிட்டால் இறக்குவார். அந்த ஈர்க்கை நக்குவதற்கு எனக்கும் தம்பிக்கும் சண்டை வரும்.

இறாத்தல் கணக்கில் செய்த பட்டர் கேக் ஒரு கிழமைக்கு மேலும் நிற்கும். சண்டைக்கு முந்திய நாட்களில் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, வருகிற ஆளைப் பார்த்துத் துண்டு போடுகிற வீடுகள் எங்கள் ஒழுங்கையில் இருந்தன. தேங்காய்ப்பால் கேக்குக்கு அந்தக் கௌரவம் இல்லை. எங்கள் வெக்கையில் இரண்டாம் நாளே ஒரு புளித்த வாசம் எட்டிப் பார்க்கும். ஆகவே இறக்கி ஆறியதும் துண்டு போட்டாக வேண்டும். வீட்டுக்கு இத்தனை என்று எண்ணி வைத்துவிட்டு, மிச்சத்தை வாழையிலையில் சுற்றி எங்களை வீடுவீடாக அனுப்புவார். அந்தப் பக்கமிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை. முருங்கைக்காய், ஒரு சுண்டு பயறு, அரைப் பேணி மண்ணெண்ணெய் கூட வந்திருக்கிறது. அடுத்த கேக்குக்கு வேண்டிய முட்டை பல தடவை அப்படித்தான் வந்து சேர்ந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து, எங்கள் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. மழையில், சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். மீசாலையில் ஒரு வீட்டுக்காரர் இடம் கொடுத்தார். ஏற்கெனவே பல குடும்பங்கள் அங்கே இருந்தன. பானை, பேணி, அம்மம்மாவின் கொப்பி எல்லாம் மானிப்பாயில் நின்றுவிட்டன. இனாமல் கோப்பை மட்டும் வந்திருந்தது, வழியில் தண்ணி குடிக்க என்று அம்மா பைக்குள் போட்டிருந்ததால். மார்கழியில் தம்பியின் பிறந்தநாள் வந்தது. வீட்டுக்கார மாமியின் கோழி இரண்டு முட்டை கொடுத்தது. "அப்ப அரை, ஒண்டு, ஒண்டரை, ரெண்டு" என்றார் அம்மம்மா. மீசாலையில் மணலுக்கும் தேங்காய்க்கும் பஞ்சமில்லை. மாமியின் சோற்றுப் பானை போறணையானது. அந்த முற்றத்திலும் மா மூன்று தரம் அரிபட்டது. சாப்பிட ஆட்கள் கூட, கேக் பாதி. அம்மம்மா நூலால் அறுத்தார், கத்தி என்றால் உதிர்ந்து வீணாகும் என்று. ஆளுக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு. எல்லோருக்கும் வந்தது.

இப்போது ஸ்காபரோவில் என் வீட்டில் மின்சார அவன் இருக்கிறது. பட்டர் குளிர்ப்பெட்டியில் எப்போதும் உண்டு. ஒரு இறாத்தல் கணக்குக் கேக்கும் எப்போதாவது செய்கிறேன். பிள்ளைகள் கேட்பது மற்றதைத்தான், தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் போட்ட கறுப்புக் கேக்கை. பனங்கட்டிக் குட்டான் இங்கே தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது, பட்டரைவிட விலை கூட. தடைக்காலத்தின் மலிவுக் கேக் இந்த ஊரில் ஆடம்பரக் கேக் ஆகிவிட்டதை அம்மம்மா கேட்டிருந்தால் நன்றாகச் சிரித்திருப்பார். குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு கிழமைக்கு வைத்துச் சாப்பிடலாம் என்று மகள் சொல்கிறாள். சொல்வது சரிதான். ஆனாலும் செய்த அன்றே பாதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். மேல்மாடியில் இருக்கிற பிலிப்பீன்ஸ் அம்மா போன கிழமை அந்தத் தட்டில் அரிசிமாக் கேக் வைத்துத் திருப்பித் தந்தார். அதிலும் தேங்காய்ப்பால்.